நெட் வரலையா? புது ரூட்டரைக் குறை சொல்லும் முன் இந்த 4 இடங்களைப் பாருங்க!

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வீட்டில் இருந்தே வேலை பார்ப்பவர்களுக்கு பிராட்பேண்ட் இப்போது கரன்ட், தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் சென்னைக்கு ரயிலேறிவிட்டு, மீதி நாட்கள் மாடி ரூமில் லேப்டாப்போடு உட்காருபவர்கள் இருக்கிறார்கள். போட்டித் தேர்வுக்கு ஆன்லைன் கிளாஸ் பார்ப்பவர்கள், கடை பில்லிங்கை நெட்டில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். தமிழகத்தின் முதல் மினி டைடல் பூங்கா 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டதும் விழுப்புரம் மாவட்டத்தில்தான், வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில். இவர்களுக்கு நெட் நின்றால் பொழுதுபோக்கு மட்டும் போகாது, அன்றைய சம்பளமும் சேர்ந்து அடிவாங்கும்.

புது கனெக்‌ஷன் போட்டு, புது ரூட்டர் மாட்டி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் "நெட் வரலை" என்ற புகார் கிளம்பிவிடும். உடனே நடப்பது என்ன? ரூட்டரை நாலு தடவை ஆஃப் செய்து ஆன் செய்வது. பின்னால் இருக்கும் ஓட்டையில் ஊசியை விட்டு ரீசெட் செய்வது. அதற்கும் மசியவில்லை என்றால் பெரிய பிளானுக்கு மாறுவது, இல்லையென்றால் கடைக்குப் போய் வேறு ரூட்டர் வாங்குவது. பல நேரங்களில் பழுது அந்தப் பெட்டியிலேயே இருக்காது. காசுதான் வீணாகும்.

"நெட் வரலை" என்பது ஒரே பிரச்னை போலத் தெரிந்தாலும், அதற்குள் நான்கு வேறு வேறு பிரச்னைகள் இருக்கின்றன. எது என்று பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நெட் வரும் பாதை எது?

முதல் இடம், தெருவில் இருந்து வீட்டுக்குள் வரும் ஃபைபர் லைன். இரண்டாவது, அந்த லைனில் உங்கள் ரூட்டர் கம்பெனியின் சர்வரோடு லாகின் ஆவது. மூன்றாவது, ரூட்டரில் இருந்து உங்கள் அறை வரை காற்றில் வரும் வைஃபை. நான்காவது, உங்கள் கையில் இருக்கும் போன் அல்லது லேப்டாப்.

ஃபைபர் கனெக்‌ஷனில் எக்ஸ்சேஞ்சில் இருந்து வருவது மின்சாரம் அல்ல, ஒளி. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர், தலைமுடி அளவுக்கு மெல்லிய கண்ணாடி இழைக்குள் ஓடி வருகிறது. வழியில் 'ஸ்ப்ளிட்டர்' என்ற சின்னப் பெட்டி அந்த ஒளியைப் பங்கு போட்டு 32 அல்லது 64 வீடுகள் வரை அனுப்பும். இந்த ஸ்ப்ளிட்டருக்கு கரன்ட் தேவையில்லை. வீட்டில் இருக்கும் பெட்டிதான் ஒளியை டேட்டாவாக மாற்றுகிறது. பெரும்பாலான வீடுகளில் இந்த வேலையையும் வைஃபை வேலையையும் ஒரே பெட்டி செய்கிறது. அதைத்தான் எல்லோரும் 'ரூட்டர்' அல்லது 'மோடம்' என்கிறோம்.

லைட்டைப் பார்த்தாலே தெரியும்

ரூட்டரின் முகப்பில் இருக்கும் சின்ன விளக்குகள் அழகுக்கு வைத்தவை அல்ல. மாடலுக்கு மாடல் பெயரும் நிறமும் மாறும். ஆனாலும் மூன்று விளக்குகளைத் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

எல்.ஓ.எஸ்.: டெக்னீஷியன்கள் 'லாஸ்' என்று சொல்வது இதைத்தான். இது சிவப்பாக எரிந்தாலோ பிளிங்க் ஆனாலோ, உங்கள் வீட்டுக்கு ஒளியே வந்து சேரவில்லை என்று அர்த்தம். லைன் எங்கோ அறுந்திருக்கலாம், மடங்கியிருக்கலாம், பின் கழன்றிருக்கலாம். ரூட்டரை நூறு முறை ரீஸ்டார்ட் செய்தாலும் இது சரியாகாது.

பி.ஓ.என்.: இது பச்சையாக நிலையாக எரிந்தால் லைன் ஓகே. விட்டு விட்டு எரிந்துகொண்டே இருந்தால், ஒளி வருகிறது, ஆனால் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் கருவி உங்கள் ரூட்டரை இன்னும் அடையாளம் காணவில்லை. புதுப் பெட்டியின் சீரியல் நம்பரை கம்பெனி சிஸ்டத்தில் ஏற்றாமல் விட்டாலும் இப்படி ஆகும்.

இன்டர்நெட்: மேலே சொன்ன இரண்டும் சரி, இது மட்டும் சிவப்பு அல்லது அணைந்து கிடக்கிறது என்றால் லாகின் பிரச்னை. யூசர்நேம், பாஸ்வேர்டு தவறாக இருக்கலாம். பிளான் முடிந்திருக்கலாம். பில் கட்டியது சிஸ்டத்தில் ஏறாமல் இருக்கலாம்.

மூன்றுமே சரியாக எரிகிறது, ஆனாலும் நெட் இழுக்கிறது என்றால், தேட வேண்டிய இடம் பெரும்பாலும் வீட்டுக்குள்தான்.

லாஸ் லைட் எரிந்தால் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ரூட்டருக்குப் பின்னால் போகும் மெல்லிய வெள்ளை அல்லது மஞ்சள் ஒயர் பீரோவுக்குப் பின்னால் நசுங்கியிருக்கிறதா, கதவிடுக்கில் மாட்டியிருக்கிறதா, இறுக்கமாகச் சுருட்டி ஆணியில் மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஃபைபரை மடித்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். சுருட்ட வேண்டியிருந்தால் டீ கிளாஸ் வாய் அளவுக்காவது வட்டம் இருக்கட்டும். பச்சை நிற பின்னைக் கழற்றி துணியால் துடைப்பது, முனையைக் கண்ணருகே வைத்து 'லைட் வருதா' என்று பார்ப்பது, இரண்டும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கலாம்.

டெக்னீஷியன் வந்தால் 'பவர் எவ்வளவு வருது?' என்று கேளுங்கள். மீட்டரில் மைனஸ் கணக்கில் டி.பி.எம். என்று காட்டும். மைனஸ் 20 பக்கத்தில் இருந்தால் லைன் ஆரோக்கியம். மைனஸ் 27-ஐத் தொட்டால் எந்த நேரமும் கட் ஆகலாம். இந்தக் கணக்கில் 3 குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். அதனால் 'நெட் வந்துடுச்சு, கையெழுத்துப் போடுங்க' என்பதோடு நிறுத்தாமல் அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. ஆறு மாதம் கழித்து நெட் அடிக்கடி விட்டுப்போனால், அன்றைய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ரீஸ்டார்ட் வேற, ரீசெட் வேற!

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் புது ரூட்டர் வாங்கியவர்கள் மாட்டிக்கொள்ளும் முக்கியமான இடம்.

ரீஸ்டார்ட் என்றால் சுவிட்சை அணைத்து, 30 விநாடி விட்டு, மறுபடி போடுவது. இதில் எதுவும் அழியாது. பெட்டி முழுதாக எழுந்து லாகின் ஆக சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் பொறுமை இழந்து மறுபடி அணைக்கக்கூடாது.

ரீசெட் என்றால் ஊசி ஓட்டையில் குத்திப் பல விநாடிகள் அழுத்துவது. இது ரூட்டரைத் தொழிற்சாலையில் இருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும். உங்கள் வைஃபை பெயர், பாஸ்வேர்டு மட்டுமல்ல, டெக்னீஷியன் ஏற்றி வைத்த லாகின் பெயர், பாஸ்வேர்டு, 'வி-லேன்' எண் என எல்லாமே போய்விடும். சில கம்பெனிகளின் பெட்டிகள் அவற்றைத் தாமாகவே திரும்ப இறக்கிக்கொள்ளும். பல பெட்டிகள் அப்படிச் செய்யாது. வெறும் லைன் பிரச்னையாக இருந்ததை லாகின் பிரச்னையாகவும் சேர்த்துவிட்டதுதான் மிச்சம்.

ஆகவே கனெக்‌ஷன் போட்ட அன்றே இரண்டு காரியம் செய்யுங்கள். லாகின் விவரங்களை டெக்னீஷியனிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ரூட்டரின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மழை, மின்தடை, கரும்பு லோடு

இந்தப் பகுதியில் ஃபைபர் பெரும்பாலும் மின்கம்பம், மொட்டை மாடி, மரக்கிளை என்று தலைக்கு மேலேதான் போகிறது. உயரமாக கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர் தாழ்வாகத் தொங்கும் ஒயரை இழுத்துக்கொண்டு போய்விடும். அணில் என்றதும் மீம் நினைவுக்கு வந்து சிரிக்கத் தோன்றும். ஆனால் ஃபைபர் கேபிளை அணில் கடிப்பது உலகம் முழுக்கத் தெரிந்த பிரச்னை.

பெரிய மழை வந்தால் கதையே வேறு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. தென்பெண்ணையில் வெள்ளம் கரைபுரண்டது. விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்ட, டிசம்பர் 2 அன்று ரயில்களே நிறுத்தப்பட்டன. கரன்ட்டும் சாலையும் துண்டிக்கப்பட்ட ஊர்களில் நெட் மட்டும் தனியாக எப்படி வரும்?

இப்படிப்பட்ட நேரத்தில் வீட்டு ரூட்டரை நோண்டுவது வீண். ஊசியால் ரீசெட் செய்தால் வீண் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. தெரு முழுக்க லைன் திரும்பி வந்த பிறகும் உங்கள் வீட்டில் மட்டும் நெட் வராது. முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள். "அக்கா, உங்க வீட்ல நெட் வருதா?" என்ற ஒரு கேள்வி எந்த ஆப்பையும்விட வேகமாகப் பதில் சொல்லும். அதே கம்பெனி கனெக்‌ஷன் வைத்திருக்கும் மூன்று வீட்டிலும் இல்லை என்றால், அது ஏரியா பிரச்னை.

சாதாரண மின்தடைக்கு வழி இருக்கிறது. மாதாந்திர பராமரிப்புக்காக பகல் முழுக்க கரன்ட் போகும் நாட்களில், எக்ஸ்சேஞ்சில் பேட்டரி இருந்தால் ஃபைபர் லைன் உயிரோடுதான் இருக்கும். உங்கள் பெட்டிக்குத்தான் கரன்ட் இல்லை. ரூட்டருக்கென்றே விற்கும் மினி யு.பி.எஸ். இதற்குப் போதும். வாங்கும் முன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பாருங்கள். பெரும்பாலான ரூட்டர்கள் 12 வோல்ட். பின் பொருந்துகிறதே என்று வேறு வோல்ட் செட்டாப் பாக்ஸ் அடாப்டரை மாட்டினால் ரூட்டர் புகைந்துவிடலாம். ஆம்பியர் குறைந்த அடாப்டர் என்றால் பெட்டி திடீர் திடீரென ரீஸ்டார்ட் ஆகும். உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் லைன் என்றால், வழியில் கரன்ட்டில் ஓடும் சுவிட்ச் பெட்டிகள் இருக்கலாம். அதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹாலில் பறக்குது, மாடியில் படுக்குது

லைட் எல்லாம் சரி, ஹாலில் நெட் பறக்கிறது, மாடி ரூமில் சுத்திக்கொண்டே இருக்கிறது. இது வைஃபை பிரச்னை. இதற்கு பிளானைப் பெரிதாக்குவது தீர்வு அல்ல.

ஒயர் உள்ளே வரும் இடத்திலேயே, வாசல் பக்க டி.வி. ஷோகேஸுக்குப் பின்னால் ரூட்டரை வைத்துவிட்டுப் போவது வழக்கம். டெக்னீஷியனுக்கு அது சுலபம், உங்களுக்கு அல்ல. ஒன்பது அங்குல செங்கல் சுவர், கம்பி கட்டிய கான்கிரீட் தளம், இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, மீன் தொட்டி எல்லாமே சிக்னலைத் தின்னும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் ரூட்டர் இருக்க வேண்டும். வரும் டெக்னீஷியனிடம் "தம்பி, இன்னும் பத்தடி உள்ளே இழுத்து வைங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

புது ரூட்டர்களில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை இருக்கும். 2.4 தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு. பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு என்று அதில் கூட்டமும் அதிகம். 5 வேகமானது, ஆனால் இரண்டு சுவர் வந்தால் சோர்ந்துவிடும். ரூட்டர் இருக்கும் அறையில் வேலை என்றால் 5-ல் இணையுங்கள். தூரத்து அறைக்கு 2.4. அக்கம்பக்கம் வைஃபை நெரிசல் என்றால், 2.4-ல் சேனலை 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள். இந்த மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது.

சிசிடிவி கேமரா, ஸ்மார்ட் பல்பு, பழைய டி.வி. ஆகியவை புது ரூட்டரில் இணைய மறுக்கிறதா? அவற்றில் பல 2.4-ல் மட்டுமே வேலை செய்யும். இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, இவற்றை 2.4-ல் இணையுங்கள். பாதுகாப்பு முறை 'டபிள்யூ.பி.ஏ.3' மட்டும் என்று இருந்தாலும் பழைய கருவிகள் முழிக்கும். 2-ம் 3-ம் சேர்ந்த கலவை முறைக்கு மாற்றுங்கள். இன்னொரு சின்ன தந்திரம்: பழைய ரூட்டரின் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே புதியதற்கும் வைத்துவிட்டால், வீட்டில் இருக்கும் பெரும்பாலான கருவிகள் தானாகவே இணைந்துகொள்ளும்.

மாடிக்கு நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், ரூட்டரில் இருந்து ஒரு லேன் கேபிள் இழுத்து மாடியில் இன்னொரு வைஃபை பெட்டி வைப்பதுதான் உறுதி. சுவரில் சொருகும் எக்ஸ்டெண்டர், தனக்கு வரும் சிக்னலைத்தான் திருப்பி அனுப்பும். சிக்னலே வராத அறையில் அதைச் சொருகிப் பயனில்லை. பாதி வழியில் வைக்க வேண்டும்.

100 எம்.பி.பி.எஸ். போட்டும் 12 தான் வருதா?

பிளானில் சொல்வது மெகாபிட். டவுன்லோடில் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 எம்.பி.பி.எஸ். பிளானில் விநாடிக்கு 12.5 எம்.பி. இறங்கினால் அதுதான் முழு வேகம். யாரும் ஏமாற்றவில்லை.

அதற்கு மேல் பிளான் போட்டும் ஸ்பீடு டெஸ்டில் 94 அல்லது 95-லேயே நிற்கிறதா? ரூட்டரின் லேன் போர்ட்டோ கேபிளோ 100 எம்.பி.பி.எஸ். வரைதான் தாங்கும் வகையாக இருக்கும். கேபிளுக்குள் எட்டு ஒயரும் சரியாக இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சரியான டெஸ்ட் எது? ரூட்டரில் லேன் கேபிள் மாட்டி லேப்டாப்பில் பார்ப்பது. முடியாவிட்டால் ரூட்டருக்கு அருகில் நின்று 5 ஜிகாஹெர்ட்ஸில் போனில் பார்ப்பது. காலையில் ஒரு முறை, இரவு 9 மணிக்கு ஒரு முறை. காலையில் நன்றாக வந்து இரவில் மட்டும் சரிந்தால், அது ஏரியா நெரிசல். டேட்டா அளவு முடிந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கம்பெனி ஆப்பில் பாருங்கள்.

உண்மையில் எவ்வளவு வேகம் தேவை? நெட்ஃபிளிக்ஸ் ஃபுல் எச்.டி. படத்துக்குப் பரிந்துரைப்பது 5 எம்.பி.பி.எஸ்., 4கே-வுக்கு 15. ஜூமில் உயர்தர குரூப் காலுக்கு 4-க்கும் குறைவாகவே போதும். இந்தியாவில் 'பிராட்பேண்ட்' என்று அழைக்கச் சட்டப்படி தேவையான குறைந்தபட்ச வேகமே 2 எம்.பி.பி.எஸ். தான். அதுவும் 2023 ஜனவரியில்தான் 512 கே.பி.பி.எஸ்.-இல் இருந்து உயர்த்தப்பட்டது. நான்கு பேர் இருக்கும் வீட்டில் 50 எம்.பி.பி.எஸ். பிளானில் மீட்டிங் உறைகிறது என்றால், சந்தேகம் பிளான் மேல் அல்ல, வைஃபை மேல் போக வேண்டும்.

'கனெக்டட்', ஆனா நெட் இல்ல!

வீட்டில் மற்ற போன்களில் நெட் வருகிறது, உங்கள் போனில் மட்டும் இல்லை என்றால் பழுது நான்காவது இடத்தில். வைஃபையை 'ஃபர்கெட்' கொடுத்து மறுபடி இணையுங்கள். ஆண்ட்ராய்டில் விளம்பரத்தைத் தடுக்க 'பிரைவேட் டிஎன்எஸ்' போட்டிருந்தால் ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றிப் பாருங்கள். வி.பி.என். ஓடுகிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப் வருகிறது, சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிச் சோதிக்கலாம்.

சொந்தமாக வாங்கிய ரூட்டரைக் கம்பெனிப் பெட்டிக்குப் பின்னால் மாட்டியிருந்தால், இரண்டும் ரூட்டராக வேலை செய்து ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளும். கேம், ஆபீஸ் வி.பி.என். திணறுவதற்கு இதுவும் காரணம். இரண்டில் ஒன்றை 'பிரிட்ஜ்' அல்லது 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்ற வேண்டும்.

ஃபைபர் எட்டாத இடங்களில்?

ஊருக்கு வெளியே தோட்டத்து வீடுகளில் 5ஜி ஏர்ஃபைபர்தான் பலருக்கு வழி. ஜியோ ஏர்ஃபைபர் 2023 செப்டம்பர் 19-ல் அறிமுகமானது, ஏர்டெலும் இதே சேவையைத் தருகிறது. இதில் லாஸ் லைட்டுக்கு வேலையில்லை. மாடியில் இருக்கும் ஆன்டெனா டவரைப் பார்ப்பதுதான் முக்கியம். காற்றில் திரும்பிவிட்டதா, நடுவில் தண்ணீர் டேங்க் வந்துவிட்டதா, பக்கத்து மனையில் புதுசாக மாடி எழும்பிவிட்டதா என்று பாருங்கள்.

பாஸ்வேர்டை இன்றே மாத்துங்க

வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டு வேறு. இரண்டாவதைப் பலர் தொடுவதே இல்லை. 2016-ல் 'மிராய்' என்ற தீநிரல், தொழிற்சாலை பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் அமெரிக்காவில் பல மணி நேரம் முடங்கியது அதனால்தான்.

பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பல ரூட்டர்களின் செட்டிங் பக்கம் வரும். ஜியோஃபைபரில் 192.168.29.1. அங்கே அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், 'டபிள்யூ.பி.எஸ்.' இருந்தால் அணைத்துவிடுங்கள். "ரூட்டர் அப்டேட் பண்ணணும் சார், ஓ.டி.பி. சொல்லுங்க" என்று போன் வந்தால் கட் செய்யுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

கம்பெனி கண்டுக்கலைன்னா?

"நெட் வரலை தம்பி" என்று மட்டும் சொன்னால், போனில் இருப்பவர் ரீஸ்டார்ட்டில் இருந்து ஆரம்பிப்பார். "லாஸ் சிவப்பா எரியுது, பக்கத்து வீட்லயும் இல்ல" என்று சொல்லிப் பாருங்கள். அறுந்த ஃபைபரை ஒட்டவைக்கும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு வர வேண்டும் என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்துவிடும். ஒரு நாள் மிச்சம்.

புகார் எண்ணை மட்டும் வாங்காமல் விடாதீர்கள். ஆபரேட்டரின் வாட்ஸ்அப்பில் சொன்னது கணக்கில் வராது. கஸ்டமர் கேரில் பதிவாகி எண் வந்தால்தான் அது புகார். டிராய் விதிகளின்படி, தீர்வு திருப்தி இல்லை என்றால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை. அடுத்த படிகளாக தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, மத்திய அரசின் சிபிகிராம்ஸ் தளம் இருக்கின்றன. தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம் என்பதை 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. விழுப்புரத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் உள்ளது.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க

1. லாஸ் சிவப்பா? ஒயர் நசுங்கியிருக்கிறதா பாருங்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள், புகார் கொடுங்கள். ரூட்டரை நோண்ட வேண்டாம்.

2. லாஸ் இல்லை, இன்டர்நெட் லைட் சிவப்பா? பில், பிளான், லாகின். ஒரே ஒரு முறை ரீஸ்டார்ட். ரீசெட் வேண்டாம்.

3. ரூட்டர் பக்கத்தில் வேகம், அறையில் இல்லையா? ரூட்டரின் இடத்தையும் அலைவரிசையையும் மாற்றுங்கள். பிளானை மாற்ற வேண்டாம்.

4. ஒரு போனில் மட்டும் இல்லையா? அந்த போனைச் சரிபாருங்கள். மற்றவர்கள் நெட்டைக் கெடுக்க வேண்டாம்.